பிள்ளையின் திறமை யாருக்குச் சொந்தம்?

படக்கதை ஒன்றைப் பற்றி இலக்கிய இதழில் எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையிலும் இருக்கிறார்கள், எழுத்தாளர் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். மங்கா என்றால் அவர்களுக்குப் பெரிய கண்களும் கூரான தலைமயிரும் கொண்ட பொம்மைகள். படிக்கிற வயதில் பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் யப்பானியச் சரக்கு. அதற்கு மேல் ஒரு பக்கத்தையும் அவர்கள் புரட்டியதில்லை. புரட்டாமலே தீர்ப்புச் சொல்வது நமக்குப் பழகிப்போன வேலை.

நான் ஒரு கிராமத்துப் பாடசாலையின் ஆசிரியன். ஆசிரிய கலாசாலையில் பிள்ளை உளவியலும் கல்வித் தத்துவமும் படித்தவன். ரூசோவையும் பெஸ்டலோசியையும் ஃபுரோபலையும் குறிப்புக் கொப்பியில் எழுதி மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு வந்தவன். அந்தப் பாடங்களில் எவரும் நேராகக் கேட்காத ஒரு கேள்வியை யப்பானியப் பெண்பிள்ளைகளுக்கான ஒரு படக்கதை கேட்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் திறமை யாருக்குச் சொந்தம்? பிள்ளைக்கா, பெற்றோருக்கா, ஊருக்கா, பாடசாலைக்கா, அரசுக்கா? இந்தக் கேள்விக்காகவே அந்தப் படக்கதையைப் பற்றி எழுதுகிறேன்.

‘கக்குவென் அலிஸ்’ என்பது அதன் பெயர். அலிஸ் பாடசாலை என்று தமிழில் சொல்லலாம். எழுதி வரைந்தவர் தச்சிபானா ஹிகுச்சி. ஹக்குசென்ஷா பதிப்பகம் 1974 முதல் வெளியிட்டுவரும் ‘ஹனா தோ யுமே’ என்ற பெண்பிள்ளைகளுக்கான சஞ்சிகையில் 2002 இல் தொடங்கி 2013 இல் முடிந்தது. நூலாக 31 தொகுதிகள். 2004 - 2005 இல் 26 பாகங்களாக யப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் அசைபடமாகவும் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பகமான டோக்கியோபொப் 2011 இல் தன் பணியை அங்கு நிறுத்தியபோது மொழிபெயர்ப்பும் நடுவழியில் நின்றுபோனது. ஆகவே யப்பானுக்கு வெளியே பலருக்கும் தெரிந்தது 26 பாகங்கள் கொண்ட அந்த அசைபடம் மட்டுமே. அசைபடம் முடிகிற இடத்தில்தான் மூலக்கதையின் இருட்டுத் தொடங்குகிறது. சிரிப்பூட்டும் மந்திரப் பள்ளிக்கூடக் கதை என்று இதற்குப் பெயர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கதை ஒரு நாட்டுப்புறக் கிராமத்தில் தொடங்குகிறது. மிகான் சகுரா என்ற 10 வயதுச் சிறுமி பாட்டனுடன் வாழ்கிறாள். அவளுடைய உயிர்த்தோழி ஹொடாரு இமாய். அந்தக் கிராமத்துப் பாடசாலை மூடப்படும் நிலையில் இருக்கிறது. ஒரு நாள் ஹொடாரு டோக்கியோவிலுள்ள அலிஸ் பாடசாலைக்குப் போய்விடுகிறாள். ‘அலிஸ்’ எனப்படும் பிறவி ஆற்றல் உள்ள பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் விடுதிப் பாடசாலை அது. ஹொடாருவிடம் புதிய கருவிகளைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் இருக்கிறது. அவள் ஏன் போனாள் என்பது பிறகுதான் தெரியவருகிறது. அவள் போனால் ஊர்ப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும், பாடசாலை மூடப்படாது, தோழி மிகான் தன் ஊரிலேயே தொடர்ந்து படிக்கலாம். அதற்காகத்தான் அந்தப் பிள்ளை போயிருக்கிறாள்.

இந்த இடத்தைப் பல வாசகர்கள் நட்பின் உருக்கம் என்று படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. நட்பு உண்மைதான். ஆனால் அந்த நட்பின் பின்னால் ஒரு கொடுக்கல்வாங்கல் நடந்திருக்கிறது. ஒரு கிராமம் தன் பாடசாலையைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறது. வாங்கியவர்கள் பெரிய நிறுவனத்தார். விலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவள் 10 வயதுப் பிள்ளை. பெரியவர்கள் செய்யவேண்டிய தியாகத்தைப் பிள்ளை செய்திருக்கிறாள், பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் நட்பை மட்டும் பார்த்துக் கண்கலங்குவது பெரியவர்களுக்கு வசதியான கண்ணீர்.

இது வெறும் கற்பனையுமல்ல. யப்பானில் 2002 முதல் 2020 வரை 8,500க்கும் அதிகமான அரச பாடசாலைகள் மூடப்பட்டன என்பது அந்நாட்டுக் கல்வி அமைச்சின் கணக்கு. பிறப்பு வீதம் குறைந்ததும், இளைஞர்கள் நகரங்களுக்குப் போனதும், கிராமங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டதும் காரணங்கள். கதை தொடங்கிய அதே 2002 இலிருந்து அந்தக் கணக்கும் தொடங்குகிறது. ஊர்ப் பாடசாலை மூடப்படுவதென்றால் என்ன என்று ஹிகுச்சியின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்தக் கவலையின் நடுவில் அலிஸ் பாடசாலையை நிறுத்தி, ‘உங்களிடம் திறமையுள்ள பிள்ளை இருந்தால் கொடுங்கள், நாங்கள் உதவுகிறோம்’ என்று அதைப் பேசவைத்ததுதான் ஆசிரியையின் துணிச்சல்.

விடுதிப் பாடசாலைக் கதை புதிய வகையல்ல. தோமஸ் ஹியூஸ் 1857 இல் எழுதிய ‘டொம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ றக்பி பாடசாலையைக் கொண்டாடியது. 1940களில் எனிட் பிளைட்டன் பெண்பிள்ளைகளின் விடுதிகளை நள்ளிரவு விருந்துகளும் குறும்புகளும் நிறைந்த இடமாக்கினார். 1997 இல் வந்த ஹரி பொட்டர் அதே மரபில் மந்திரத்தைச் சேர்த்தது. யப்பானியப் பெண்பிள்ளைகளின் மங்காவிலும் விடுதிக்கு இடமுண்டு. மோட்டோ ஹாகியோ 1974 இல் வரைந்த ‘தோமாவின் இதயம்’ ஜெர்மனியின் ஒரு விடுதிப் பாடசாலையில் நடக்கிறது. ஆங்கில மரபில் பிள்ளை விடுதிக்குப் போவது ஒரு பாக்கியம். ஹரி பொட்டருக்கோ வீடுதான் சிறை, பாடசாலைதான் விடுதலை. ஆனாலும் கோடை விடுமுறை வந்தால் ஹொக்வாட்ஸ் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அலிஸ் பாடசாலை அனுப்பாது. படிப்பு முடியும்வரை பிள்ளை வெளியே போக முடியாது. உயர்ந்த மதில், காவல், மூடிய வாயில். மிகான் தோழியைத் தேடித் தன்னந்தனியாக டோக்கியோ போய் அந்த வாயிலில் நிற்கும்போது அவள் முதலில் காண்பது என்ன? உள்ளிருந்து மதிலைத் தகர்த்துத் தப்பியோட முயலும் ஒரு மாணவனை. நட்சுமே ஹ்யூகா என்ற அந்தப் பையனுக்கு நெருப்பை உண்டாக்கும் ஆற்றல் இருக்கிறது. ஒருத்தி உள்ளே போகத் தவிக்கிறாள், ஒருவன் வெளியே வரத் தவிக்கிறான். ஹிகுச்சி கதையின் வாசலிலேயே தன் கட்சியைச் சொல்லிவிட்டார். அதன்பிறகும் இதை இனிமையான பள்ளிக்கூடக் கதை என்று சொல்பவர்கள் எதைப் பார்த்தார்களோ தெரியாது.

உள்ளே போன மிகான் பாட்டனுக்குக் கடிதம் எழுதுகிறாள். எழுதிக்கொண்டே இருக்கிறாள். கடிதங்கள் போய்ச்சேரவில்லை. ஊரிலே கிழவர் காத்திருக்கிறார். ஒரு பாடசாலையின் தரத்தை அளக்க ஆய்வுகூடம் உண்டா, நூலகம் உண்டா, பெறுபேறு எத்தனை சதவீதம் என்று பார்க்கிறோம். எனக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதம் பிரிக்கப்படாமல் வீட்டுக்குப் போகிறதா? போகவில்லையென்றால் அங்கே எவ்வளவு நல்ல ஆய்வுகூடம் இருந்தாலும் அது பாடசாலையல்ல, காவல்.

அடுத்தது நட்சத்திரம். இந்தப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தரம் கொடுக்கப்படுகிறது. நட்சத்திரமில்லை, ஒரு நட்சத்திரம், இரண்டு, மூன்று, அதற்கும் மேலே விசேட நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு ஏற்பத்தான் தங்கும் அறை, சாப்பாடு, கைச்செலவுப் பணம் எல்லாம். விசேட நட்சத்திரப் பிள்ளைக்கு மாளிகை போன்ற அறை. நட்சத்திரமில்லாத மிகானுக்குப் பழைய பொருட்கள் போடும் மூலை மாதிரி ஓர் அறை. தட்டில் மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சியது போன்ற உணவு. இதை ஹிகுச்சி நகைச்சுவையாகத்தான் வரைகிறார். வாசகர் சிரிக்கிறார். சிரித்து முடித்தபின் யோசிக்கவேண்டும். புள்ளிகளுக்கு ஏற்பச் சோறு போடும் ஓர் இடத்தைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வந்தது ஏன்? அந்த ஏற்பாடு நமக்கு அந்நியமாகத் தோன்றாததால்தானே?

நட்சத்திரம் ஊக்கம் தரும், போட்டி இருந்தால்தான் பிள்ளை முன்னேறும் என்று வாதிடுவோர் உண்டு. கதையிலேயே அவர்களுக்குப் பதில் இருக்கிறது. மிகானின் ஆற்றல் மற்றவர்களின் ஆற்றலைச் செயலற்றதாக்குவது. மற்றவன் எறியும் நெருப்பு அவள் முன்னால் அணைந்துபோகும். அவளுடைய ஆற்றலுக்கு ஒளியுமில்லை, ஓசையுமில்லை. மற்றவனுடையது நிற்கும்போதுதான் அவளிடம் ஒன்று இருப்பதே தெரியும். இப்படிப்பட்ட ஒன்றை எந்தப் பரீட்சையால் அளப்பது? வகுப்பில் சண்டையை மூளவிடாமல் தடுக்கும் பிள்ளை, அழுகிறவனின் பக்கத்தில் போய் உட்காரும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் புள்ளித்தாளில் நிரல் கிடையாது. ஆசிரியராக இருந்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும். நட்சத்திர முறை அவர்களைக் காணாது. காணாததை இல்லை என்று எழுதிவைக்கும்.

பாடசாலை ஆற்றல்களை வகைப்படுத்தியும் வைத்திருக்கிறது. உளம் சார்ந்தவை, தொழில்நுட்பம் சார்ந்தவை, உடல் சார்ந்தவை என்று பிரித்தபிறகு எதிலும் அடங்காதவர்களை ‘விசேட ஆற்றல்’ என்ற வகுப்பில் போடுகிறார்கள். பெயர்தான் விசேடம். மற்றவர்கள் கண்ணில் அது உதிரிகளின் வகுப்பு. மிகான் அங்கேதான் சேர்க்கப்படுகிறாள். நிழலைப் பிடித்து ஆட்டுவிக்கும் சுபாசா என்ற மூத்த மாணவன் அங்கே அவளுக்கு அண்ணன் மாதிரி ஆகிறான். அவனுடைய கண்ணுக்குக் கீழே நட்சத்திர வடிவில் ஒரு குறி இருக்கிறது. அழகுக்கு இட்டதல்ல, தண்டனையாக இடப்பட்டது. அவனுடைய ஆற்றலை அது கட்டுப்படுத்துகிறது. பாடசாலை விழாவில் இந்த உதிரி வகுப்பு நடத்தும் விளையாட்டுத்தான் கூட்டத்தை இழுக்கிறது. கதையின் மகிழ்ச்சியான அத்தியாயங்கள் அவை. அந்த மகிழ்ச்சிக்கு நட்சத்திரம் காரணமில்லை. யாரும் எதிர்பார்க்காத, யாரும் அளக்காத ஒரு வகுப்பில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவியதுதான் காரணம்.

இன்னொரு வகுப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் ‘அபாய ஆற்றல்’. நட்சுமே அங்கே இருக்கிறான். விசேட நட்சத்திரம் பெற்றவன், மாளிகை அறையில் தங்குபவன். ஆனால் இரவில் பாடசாலைக்காக வெளியே போய் இரகசிய வேலைகள் செய்து காயத்தோடு திரும்புகிறவனும் அவன்தான். முகமூடியணிந்த பெர்சோனா என்ற ஆசிரியர் அவனை ஏவுகிறார். இந்தக் கதையில் ஆற்றல்களுக்கு நான்கு வடிவங்கள் உண்டு. சிலருக்குச் சிறுவயதோடு தீர்ந்துவிடும். சிலருக்கு விட்டுவிட்டு வரும். சிலருக்கு அளவோடு நீண்டகாலம் இருக்கும். நான்காவது வடிவத்துக்கு எல்லையில்லை, ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த ஆயுள் குறையும். நட்சுமேயுடையது நான்காவது. அது தெரிந்துகொண்டே பாடசாலை அவனைப் பயன்படுத்துகிறது. மிக உயர்ந்த தரம் பெற்ற பிள்ளைதான் மிக வேகமாகச் செத்துக்கொண்டிருக்கிறான். நட்சத்திரமில்லாதவளுக்கு நல்ல சோறில்லை, நட்சத்திரம் மிகுந்தவனுக்கு ஆயுளில்லை. இந்த முறையில் வென்ற பிள்ளை யார் என்று எனக்கு யாராவது காட்டுங்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். அலிஸ் பிள்ளைகளுக்கு வெளியே ஆபத்து இருக்கிறது. கடத்திச்செல்லக் கூட்டங்கள் காத்திருக்கின்றன. கதையின் ஆரம்பத் தொகுதிகளிலேயே நட்சுமே கடத்தப்படுகிறான். கடத்துபவன் அதே பாடசாலையில் படித்துப் புகழ்பெற்றவன். அதுமட்டுமல்ல, கட்டுப்பாடில்லாத நெருப்பு பிள்ளைக்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து. ஆகவே மதில் தேவை, பாடசாலை பாதுகாக்கிறது என்பது வாதம்.

பாதுகாப்புத் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எந்தத் தாயும் மறுக்கமாட்டாள். ஆனால் பாதுகாப்புக்கும் உடைமைக்கும் வேறுபாடு காண ஒரு சின்ன வழி இருக்கிறது. பாதுகாப்பவன் பிள்ளையிடம் கைம்மாறு கேட்கமாட்டான். கடத்தல்காரரிடமிருந்து நட்சுமேயைக் காப்பதாகச் சொல்லும் பாடசாலைதான் இரவில் அவனை அந்த ஆபத்துக்குள்ளேயே அனுப்புகிறது. பிள்ளையின் ஆற்றல் வெளியாருக்குப் போகக்கூடாது என்பதுதான் அங்கே கவலை. பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதல்ல. வீட்டைக் காக்கிறேன் என்று வந்து வீட்டுக்காரனையே வெளியேற்றும் காவல்காரனைப் பாதுகாவலன் என்று யாரும் சொல்வதில்லை.

கதை இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. அலிஸ் என்ற ஆற்றல் கல்லாகத் திரளக்கூடியது. ஒருவருடைய ஆற்றலை எடுத்து இன்னொருவருக்குள் வைக்கவும் முடியும். மிகானின் தாய் யுகாவுக்கு இருந்தது பிறரின் ஆற்றலைப் பறிக்கும் ஆற்றல். அதே பாடசாலையில் படித்து, அதன் பிடியிலிருந்து தப்பியோடியவள் அவள். அந்த ஆற்றல் மகளுக்கும் இருப்பது பிறகு தெரியவருகிறது. திறமை கல்லாகிக் கையில் வந்துவிட்டால் பிள்ளை எதற்கு? இதுவரை பாடசாலைக்குப் பிள்ளை தேவைப்பட்டது, திறமை பிள்ளைக்குள் இருந்ததால் மட்டுமே. ஹிகுச்சி ஒரு கல்லை வரைந்து நிறுவனங்களின் ஆசையை அப்படியே காட்டிவிடுகிறார். பெறுபேற்றுப் பட்டியல், கேடயம், சாதனைப் பலகை எல்லாம் அந்தக் கல்லின் வகைதான். பிள்ளை விலகிப் போனபின்னும் சுவரில் அது மினுங்கிக்கொண்டிருக்கும்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், அது நம் சொந்த வீட்டு விவகாரம். பெர்சோனாவைக் கண்டிப்பது எளிது, அவர் முகமூடியுடன் வருகிறார். கணித ஆசிரியர் ஜின்னோ கண்டிப்பானவர், தடியும் கையுமாக வருபவர், மிகானை மட்டம் தட்டுபவர். அவரையும் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியும். எனக்கு உறுத்துகிறவர் நருமி. அன்பானவர், சிரித்த முகம், பிள்ளைகளின் பக்கம் நிற்பவர், அதே பாடசாலையின் பழைய மாணவர். அவருடைய ஆற்றலே பிறரைத் தன்பால் ஈர்த்து வசப்படுத்துவது. வாயிலில் நின்ற மிகானை உள்ளே சேர்த்தவர் அவர்தான். நல்லவர் என்பதில் சந்தேகமில்லை. பின்னால் அவர் பிள்ளைகளுக்காகத் துன்பப்படவும் செய்கிறார். ஆனால் கெட்ட நிறுவனத்துக்கு நல்ல ஆசிரியரைப் போல் உதவக்கூடியவர் வேறு யாருமில்லை. பிள்ளை அந்த முகத்தை நம்பித்தான் மதிலுக்குள் வருகிறாள். நமது அன்பு எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்று ஆசிரியராகிய நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

இந்தக் கதை ஓடிய 11 ஆண்டுகளில் யப்பானியக் கல்வியில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 2002 இல் பாடச்சுமை குறைக்கப்பட்டது. சனிக்கிழமை முழுவதும் விடுமுறையாயிற்று. பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 2003 இல் நடந்த சர்வதேச மதிப்பீட்டில் யப்பானின் இடம் சரிந்தது என்று 2004 இறுதியில் தெரியவந்ததும் நாடு கலங்கியது. 2007 ஏப்ரலில், 1960களில் கைவிடப்பட்ட நாடளாவிய அடைவுப் பரீட்சை மீண்டும் வந்தது; ஆரம்பப் பாடசாலையின் 6 ஆம் தரமும் கனிஷ்ட இடைநிலையின் 3 ஆம் தரமும் எழுதின. மாகாணங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. 2011 முதல் பாடச்சுமை மீண்டும் ஏறியது. மூச்சுவிடக் கொடுத்த இடம் 10 ஆண்டுகூட நிற்கவில்லை. ஹிகுச்சி இதற்குப் பதிலாகத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடு முழுவதும் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் நட்சத்திரமில்லாத ஒரு பிள்ளையைக் கதாநாயகியாக்கி 11 ஆண்டு நடத்துவது தற்செயலாகக் கைகூடுவதல்ல.

பிற்பாடு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? கோஹெய் ஹொரிகொஷியின் ‘என் வீரக் கலாசாலை’ 2014 முதல் 2024 வரை ஓடி 42 தொகுதிகளாயிற்று. உலகமெங்கும் பிள்ளைகள் கொண்டாடும் தொடர் அது. அதிலும் ஆற்றலுள்ள பிள்ளைகளின் பாடசாலை உண்டு. உலக மக்களில் 80 சதவீதத்தினருக்கு ஆற்றல் இருக்கும் காலத்தில் மிடோரியா என்ற பையன் எதுவுமில்லாமல் பிறக்கிறான். நல்ல தொடக்கம். ஆனால் கதை என்ன செய்கிறது? உலகின் முதன்மை வீரரைக் கொண்டு தன் ஆற்றலை அவனுக்குக் கொடுக்க வைக்கிறது. ஆற்றலில்லாத பிள்ளைக்கும் இடமுண்டா என்ற கேள்விக்கு, ஆற்றலைப் பெற்றுக்கொண்டு வா என்பதே பதில். அந்தப் பாடசாலையின் நுழைவுத் தேர்வில் இயந்திரங்களை உடைத்தால் புள்ளி. மனித மனத்தை வசப்படுத்தும் ஷின்சோ என்ற மாணவனால் இயந்திரத்தை என்ன செய்யமுடியும்? அவன் வீரர் பிரிவில் சேர முடியாமல் பொதுப் பிரிவுக்குப் போகிறான். பரீட்சை அநியாயமானது என்று கதைக்கே தெரியும். தெரிந்தும் பரீட்சையை மாற்றுவதில்லை. ஷின்சோவை இன்னும் உழைக்கச் சொல்கிறது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விடயம் கண்ணைக் குத்தும். மற்றவரின் ஆற்றலைச் செயலற்றதாக்கும் சக்தி இரண்டிலும் உண்டு. அலிஸில் அது நட்சத்திரமில்லாத சிறுமியிடம் இருக்கிறது. வீரக் கலாசாலையில் அது ஐசாவா என்ற ஆசிரியரிடம் இருக்கிறது. அவர் முதல் நாளே பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, கடைசியாக வருபவன் வெளியேற்றப்படுவான் என்று மிரட்டுகிறார். பிறகு அது பொய், ஊக்கப்படுத்தச் சொன்னது என்கிறார். ஒன்றில் அந்த ஆற்றல் அதிகாரத்தை அணைக்கிறது. மற்றதில் அதிகாரமே அதை வைத்திருக்கிறது. ஐசாவாவை வாசகர்கள் கண்டிப்புக்குள் பாசம் வைத்திருக்கும் ஆசிரியர் என்று கொண்டாடுகிறார்கள். மிரட்டலைப் பாசம் என்று நம்பப் பழக்கிவிட்டால் பிறகு மதிலே தேவையில்லை.

நியாயமாகச் சொன்னால், ஹிகுச்சி கேட்ட கேள்வியை யாரும் தொடரவேயில்லை என்று கூறமுடியாது. கையு ஷிராய் எழுதி பொசுகா தெமிசு வரைந்த ‘வாக்களிக்கப்பட்ட கனவுலகம்’ 2016 முதல் 2020 வரை வந்தது. அதில் அநாதை விடுதிப் பிள்ளைகள் நாள்தோறும் பரீட்சை எழுதுகிறார்கள். அதிகப் புள்ளி எடுக்கும் மூளைக்கு அதிக விலை. பிள்ளைகள் வளர்க்கப்படுவதே தின்னக் கொடுப்பதற்காக. அவர்களை அன்போடு வளர்க்கும் ‘மாமா’ அதே விடுதியில் வளர்ந்தவள். நருமியின் சிரிப்பை இன்னும் கொடூரமான இடத்தில் வைத்துப் பார்த்த கதை அது.

‘கக்குவென் அலிஸ்’ குறையில்லாத படைப்பு என்று நான் வாதிடவில்லை. பின்பகுதித் தொகுதிகள் பெற்றோரின் கடந்தகாலக் கதைக்குள் போய்ச் சிக்குகின்றன. காலம் கடந்து போவதும் வருவதும் வாசகரைக் களைக்கவைக்கும். பெரிய குறை வேறு. பாடசாலையின் தீமையை ஆசிரியை மெல்லமெல்ல ஒருவருடைய தலையில் ஏற்றிவிடுகிறார். குழந்தை உருவத்திலேயே இருக்கும் ஆரம்பப் பிரிவு அதிபர் எல்லாச் சதிக்கும் மூலவராகிறார். வயது போன அதிகாரம் பிள்ளையின் முகத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை ஆள்கிறது என்பது அருமையான கற்பனைதான். ஆனால் ஒரு கெட்ட அதிபர் தொலைந்தால் பாடசாலை நல்லதாகிவிடும் என்று வாசகர் நினைக்க அது இடம்கொடுக்கிறது. நட்சத்திரத்துக்கு ஏற்பச் சோற்றைப் பரிமாறியது அந்த அதிபரின் கையா? இல்லை. பட்டியலைப் பார்த்துப் பரிமாறிய சாதாரண கைகள். கடிதத்தை நிறுத்தியதும் அவர் தனியாகச் செய்திருக்க முடியாது. கொடியவன் ஒருவனைக் காட்டினால் மற்றவர்கள் எல்லாரும் தப்பிவிடுகிறோம்.

அப்படியிருந்தும் இந்தக் கதை என்னிடம் நிற்கிறது. காரணம், மிகான் கடைசியில் தன் ஆற்றலை இழக்கிறாள், நினைவுகளையும் இழந்து பாடசாலைக்கு வெளியே நிற்கிறாள். வழக்கமான கதை இந்த இடத்தில் அவளை உலகின் மிகப்பெரிய ஆற்றலுடையவளாக்கி மேடையில் ஏற்றியிருக்கும். ஹிகுச்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார். எடுத்தபின்னும் அவளைத் தேடி வருகிறார்கள். தேடி வருகிறவர்களுக்கு அவளுடைய அலிஸ் தேவையில்லை, அவள்தான் தேவை. திறமை போனபின்னும் பிள்ளை மிச்சமிருக்கிறாள், அவளுக்காக ஒருவர் வாயிலில் காத்திருக்கிறார் என்பதற்கு மேல் எந்தக் கல்வித் தத்துவமும் எனக்குத் தெரியாது.

ஆகவே படக்கதை என்று ஒதுக்குகிறவர்களிடம் சொல்கிறேன். ஒதுக்குவதற்கு முன் படியுங்கள். நம் மாணவர்கள் கையடக்கத் தொலைபேசியில் இதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து, ‘ஹொடாரு ஏன் போனாள்? அவளை அனுப்பியது சரியா?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில்கள் கலாசாலைக் குறிப்புகளை விடப் பயனுள்ளவையாக இருக்கும்.

இனிய நட்புக் கதை என்று உருகுகிறவர்களிடமும் சொல்கிறேன். நட்பு அந்தக் கதையின் மருந்துதான். மருந்தைப் புகழ்ந்துகொண்டு நோயின் பெயரைச் சொல்லாமல் விடுவது வைத்தியமல்ல.

திறமையுள்ள பிள்ளைகளுக்கென்று தனியான பாடசாலை வேண்டும் என்று பேசுகிறவர்களிடம் மூன்று கேள்விகள் மட்டும். பிள்ளை விரும்பினால் வாயில் திறக்குமா? கடிதம் வீட்டுக்குப் போகுமா? திறமை ஒரு நாள் இல்லாமற் போனால் பிள்ளைக்கு அங்கே சோறு கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் கட்டுங்கள், நானும் வந்து கல் சுமக்கிறேன். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அதற்குப் பாடசாலை என்று பெயர் வைக்காதீர்கள்.